என் வலது கைக்கு நீ செய்த பெட்டி

அன்புள்ள அமல்,

நீ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலை தேடி ஓசூருக்குப் பஸ் ஏறப் போவதாக ஸ்டெல்லா வந்து சொன்னாள். மெடிக்கல் போர்டு முடிந்து நான் வீட்டுக்கு வந்த அன்று வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாய். "என்னம்மா சொன்னாங்க?" ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். "ஃபிட்." அதோடு சரி. செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் மந்தாரக்குப்பத்துக்குப் போனவன், நீ வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடையின் மாடியிலேயே படுத்துக்கிடக்கிறாய். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் லூர்துசாமி அண்ணன் உன்னைத் தேடி வந்தபோது, "எங்கம்மாவே என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாங்க" என்று சொல்லியிருக்கிறாய். அவர் அதைச் சூடு ஆறுவதற்குள் என்னிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. மண்ணள்ளிப் போட்டது உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஏன் போட்டேன் என்பதைத் தெரிந்துகொண்டாவது நீ பஸ் ஏற வேண்டும்.

இதை எதில் அடிக்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேனா பிடித்தால் கோழி கிளறியது போல எழுத்து வரும், அதைப் பார்த்து நீ இரக்கப்படுவாய். எனக்கு இப்போது உன் இரக்கம் வேண்டாம். அடித்து முடித்ததும் ஸ்டெல்லா பென் டிரைவில் கொண்டுபோய் பிரின்ட் எடுத்துத் தருவாள். வழியில் அவள் படித்தாலும் படிக்கட்டும். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு மாமியாரின் லட்சணம் முன்கூட்டியே தெரிவது நல்லதுதான்.

உன் அப்பா போனபோது உனக்கு விவரம் தெரியாத வயது. ஷிப்ட் முடிந்து வந்து, கை கழுவி, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அழுகைக்கு நடுவிலேயே, "ஒனக்கு வேல போட்டுக் குடுத்துருவாங்கடி, வூடு போவாது, பயப்படாத" என்றும் சொன்னார்கள். தப்பாகச் சொல்லவில்லை. இந்த கவர்ன்மென்ட் கம்பெனி டவுன்ஷிப்பில் துக்கத்துக்குச் சொல்கிற ஆறுதலே அதுதான். நானும் அதில் ஆறுதல் அடைந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் சேத்தியாத்தோப்பில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன், அதனால் டைப்பிஸ்ட் வேலையே கிடைத்தது. அப்பா உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டிலேயே உன்னை வளர்த்தேன். பெர்மனன்ட் என்ற வார்த்தை எனக்கு எவ்வளவு பெரியது என்று நீ கேலி செய்வாய். அது எந்த விலைக்கு வந்தது என்று பார்த்தவளுக்குப் பெரியதாகத்தான் இருக்கும்.

பிறகு இந்தக் கை. மழை நின்ற காலையில் ஆபீசுக்குப் போகிற வழியில் ஒரு நாய் குறுக்கே ஓடியதும், நான் ஸ்கூட்டியோடு சறுக்கியதும் உனக்குத் தெரியும். எலும்பு கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, கட்டோடு இருக்க வேண்டிய நாட்களில் குடத்தைத் தூக்கியது நான்தான். உள்ளங்கையைக் கவிழ்த்து மேஜைமேல் வைக்க வராது. யாரிடமோ கை குலுக்கப் போவது போலப் பக்கவாட்டிலேயே நிற்கும். மணிக்கட்டு திரும்பாது. சப்பாத்தி தேய்க்க முடியாது, பூட்டில் சாவியைத் திருப்ப முடியாது, ஆபீஸ் கீபோர்டில் கையை வைக்க முடியாது. விரல்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. லீவு எல்லாம் தீர்ந்த பிறகு மெடிக்கல் போர்டுக்கு வரச் சொல்லி ஆபீசிலிருந்து தகவல் வந்தது.

அன்றைக்குத்தான் லூர்துசாமி அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ரிட்டயர் ஆகும்வரை யூனியனில் இருந்தவர், ஊருக்கே யோசனை சொல்கிறவர். "அழுவாதம்மா. இது மாதா தொறந்து வுட்ட கதவு. ஒனக்கு அன்ஃபிட்டுன்னு எழுதிட்டாங்கன்னு வய்யி, பையன் பேருக்கு மனு குடுக்கலாம். ஒன் வேல அவனுக்கு வந்துரும். விரலும் நீட்ட வரலன்னு காட்டு. வூட்லயும் அப்பிடியே மடக்கிக்கினே பழவிக்கோ. இல்லன்னா அன்னிக்கி மறந்துபோயி நீட்டிக்கினு நின்னுருவ." அப்படி ஒரு விதி எழுதி வைத்திருக்கிறதா, இல்லை ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி விதியாகிவிட்டதா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கால் காசு உத்தியோகமானாலும் கவர்ன்மென்ட் உத்தியோகம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். போதாக்குறைக்கு ஸ்டெல்லாவின் அப்பா பூசை முடிந்து கோயில் வாசலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி இன்னும் அந்தக் கடையிலதான் இருக்காப்லயாம்மா?" என்பார். மரியாதையாகத்தான் கேட்பார். அதுதான் சுருக்கென்று குத்தும்.

ஆகவே பழகினேன். எழுந்திருக்கும்போதும் உட்காரும்போதும் ஜெபமாலை சொல்லும்போதும் விரல்களை மடக்கியே வைத்திருந்தேன். உனக்கு எதிரிலும் அப்படித்தான்.

நீயோ வேறு ஒன்று செய்துகொண்டிருந்தாய். கடைப் பரணிலிருந்து பாங்க்கில் கழித்துப்போட்ட பழைய கீபோர்டு இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாய், தட்டினால் டக் டக் என்று தெருவுக்கே கேட்குமே, அந்த ரகம். ஒவ்வொரு எழுத்துக் கட்டைக்கும் அடியில் தனித்தனியாக ஒரு சுவிட்ச் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். எல்லாவற்றையும் பிடுங்கிச் சோற்றுத் தட்டில் கொட்டினாய். இரண்டு துண்டாக ஒரு கீபோர்டு, இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இடது படுத்திருக்கும், வலது சுவரில் சாய்த்த புத்தகம் போல நிமிர்ந்து நிற்கும், நான் கையைக் கவிழ்க்காமலே அடிக்கலாம். "ஒயரிங் ஈஸிம்மா. ப்ரோகிராமும் நெட்ல இருக்கு. பொட்டிதான் பிரச்சனை. உன் கை எப்படி நிக்குதோ அப்படி நிக்கணும், அடிக்கிறப்ப ஆடக் கூடாது" என்றாய். கடையில் பாதி நாள் கரன்ட் இருக்காது, குவார்ட்டர்ஸில் கரன்ட் போகாது என்பதால் சாப்பாட்டு மேஜையே உன் பட்டறை ஆனது. ஒயர் பற்றவைக்கிற ஈயப் புகை வாசனை ரசத்தில்கூட வந்தது.

சும்மா சொல்லக் கூடாது, பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஒட்டி அட்டையில் பெட்டி பெட்டியாகச் செய்து பார்த்தாய். ஸ்கூல் காம்பஸ் பாக்ஸைத் தேடி எடுத்து, கோணமானியை என் மணிக்கட்டில் வைத்து அளந்தாய். திருவதிகைக்குப் போய்ப் பலாக்கட்டை வாங்கிவந்தாய், உளி வைத்து உள்ளே குடைந்தாய். யாரோ கழற்றிப் போட்ட கடைப் பெயர்ப் பலகையின் அலுமினியத் தகட்டில், சுவிட்ச் உட்காருவதற்குச் சதுரச் சதுரமாக ஓட்டை வெட்டி, ஒவ்வொன்றையும் அரத்தால் ராவினாய். பெருமையோடு கூடவே கணக்கும் போட்டேன். நீ இதைச் செய்து முடித்தால் நான் ஃபிட். நான் ஃபிட் என்றால் உனக்கு வேலை இல்லை. "போர்டு முடியட்டும்டா, அப்பறமா பொறுமையா செய்யலாம்" என்று எத்தனை விதமாகச் சொன்னேன். "முடிஞ்சப்புறம் எதுக்கும்மா?" என்று தகட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாய். ஒரு நாள் அரத்தை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். மறுநாள் உலைக்கு அரிசி எடுத்தவன் நீ. அரத்தைத் துடைத்துக்கொண்டு போய் மறுபடி ராவ உட்கார்ந்தாய்.

கட்டைகள் எங்கே இருக்க வேண்டும் என்று பார்க்கச் சப்பாத்தி மாவைப் பிசைந்து, வலது கையை அதில் பதிக்கச் சொன்னாய். பதித்தேன். பழக்கத்தில் விரல் மடங்கியே இருந்தது. வேண்டுமென்று செய்ததா என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். முழுக்க வேண்டுமென்று அல்ல, முழுக்கத் தெரியாமலும் அல்ல. அந்த மாவை அளவு எடுத்துத்தான் முதல் பெட்டியைச் செய்தாய், கட்டைகளை எல்லாம் நெருக்கி, குறுக்கி. அதில் கை வைத்ததும் என் விரல்கள் கட்டையைத் தாண்டித் தாண்டிப் போய் மரத்தில் இடித்தன. நீ தலையைச் சொறிந்துகொண்டாய், கோணம் தப்பு என்று நினைத்தாய், திரும்ப அளந்தாய். உன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. உனக்கு அளவு கொடுத்த கைதான் பொய்.

அடுத்த நாள் மத்தியானம் நான் பின்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். நீ கடைக்குப் போய்விட்டாய் என்று நினைத்திருந்தேன். கீரை உருவுகிற வேகம் உனக்குத் தெரியுமே, விரல் பாட்டுக்குப் போகும். நிமிர்ந்து பார்த்தால் கதவோரம் நீ, கையில் பெட்டி. எவ்வளவு நேரமாக நின்றாயோ.

"இது உன் கை இல்லம்மா" என்று பெட்டியைக் காட்டினாய். "நான் எவனுக்கோ செஞ்சிருக்கேன். போர்டுக்குக் காட்றதுக்குன்னு ஒரு கை வச்சிருக்க, அதுக்குச் செஞ்சிருக்கேன்."

"ஆமாண்டா, வச்சிக்கினுதான் இருக்கேன். யாருக்காவ? எனக்காவவா? நீ அந்தக் கடையில குந்திக்கினு சம்பாரிக்கிற லட்சணத்துக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அந்த வார்த்தை உன்னைச் சுட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனால் நீ கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாய். "அப்பா செத்தாரு, உனக்கு வேலை வந்துச்சு. இப்ப உன் கை போய் எனக்கு வேலை வரணும். அப்புறம் என் புள்ளைக்கு நான் எதைக் குடுக்கணும்மா?"

கீரைக் காம்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் நானே மாவு பிசையச் சொல்லி, விரலை முழுசாக நீட்டிப் பதித்தேன். ஆனால் போர்டில் எந்தக் கையைக் காட்டுவேன் என்று நானும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. வீட்டில் அரம் ராவுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்தச் சத்தம் நின்றால் பெட்டி முடிந்துவிட்டது என்று அர்த்தம், நிற்கக் கூடாதே என்று நான் உள்ளே உட்கார்ந்து பயந்துகொண்டிருந்தேன்.

முடிந்தது, போர்டுக்கு முந்தின நாள் மத்தியானம். கடைசி ஸ்க்ரூவை முடுக்கி, எண்ணெய்த் துணியால் துடைத்து, என் முன்னால் வைத்தாய். பலா மரத்தின் மஞ்சள் நிறம் பளிச்சென்று இருந்தது. கை வைத்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் இரண்டு கையும் ஒரே வேகத்தில் ஓடின. சேத்தியாத்தோப்பு இன்ஸ்டிட்யூட்டில் வரிசையாக மெஷின்கள் கடகடக்குமே, அந்தச் சத்தம். நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய், "நாளைக்கு இதை எடுத்துட்டுப் போகாதம்மா."

புரியாத மாதிரி, "ஏன்டா?" என்றேன்.

"லூர்துசாமி மாமா சொன்ன மாதிரி மடக்கிக் காட்டிடு. போதும்மா. என்னால முடியல."

நீ மனு போட்டிருந்த சென்னைக் கம்பெனியிலிருந்து வேறு ஆளை எடுத்துவிட்டோம் என்று பதில் வந்ததையும், ஸ்டெல்லாவின் அப்பா கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொன்னதையும் அப்போதுதான் சொன்னாய். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இத்தனை நாள் நான் கெஞ்சியதும் வேண்டியதும் அதற்குத்தானே? ஆனாலும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. துக்க வீட்டில் என்னைக் கட்டிக்கொண்டு அழுத பெண்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் சொன்ன ஆறுதலைக் கேட்டபோது என் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது உன் முகம். நீ என் கையைப் பார்க்கவே இல்லை. சரி என்று மட்டும் சொன்னேன். அந்தச் சரியை நம்பித்தான் நீ இருந்தாய், உன் கோபத்தில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

காலையில் நீ குளிக்கப் போனபோது பெட்டியை ஒயர்க் கூடையில் வைத்து மேலே துண்டைப் போட்டேன். அப்போதும் முடிவு செய்திருக்கவில்லை. வேண்டுமானால் எடுக்கலாம், வேண்டாமென்றால் துண்டுக்கடியிலேயே இருக்கட்டும் என்றுதான் இருந்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபோது துண்டை விலக்குவதும் மூடுவதுமாக இருந்தேன். கூப்பிட்டார்கள். நடுவில் இருந்த டாக்டரம்மா, உன்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள், மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "விரல நீட்டுங்கம்மா." நான் நீட்டவில்லை. மடங்கியே இருந்தது, அவ்வளவு பழகியிருந்தேன். அவள் ஏதோ எழுத ஆரம்பித்தாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், எல்லாம் முடிந்துவிடும்.

எழுதிக்கொண்டே பேச்சுக்குக் கேட்டாள், "வீட்ல யாரும்மா இருக்காங்க?"

"மவன்தான்."

"என்ன பண்றாரு?"

கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்கிற பதில் நாக்கு நுனியில் இருந்தது, "வேல தேடிக்கினு இருக்கான்." அதைச் சொல்ல வரவில்லை அமல். இத்தனை மாதமாக என் சாப்பாட்டு மேஜையில் வேலை செய்துகொண்டே இருந்தவனை எப்படி வேலை தேடுகிறான் என்பது? கூடையிலிருந்து பெட்டியை எடுத்து அவள் மேஜைமேல் வைத்தேன். "இதப் பண்றான்" என்றேன்.

மூன்று டாக்டர்களும் குனிந்து பார்த்தார்கள். அங்கேயிருந்த கம்ப்யூட்டரில் ஒயரை மாட்டினேன். அப்போதும் வழி இருந்தது. தடுமாறித் தடுமாறி அடித்து, முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தடுமாறினால் உன் பெட்டி சரியில்லை என்றல்லவா நினைப்பார்கள்? அதைத் தாங்க எனக்கு ஆகாது. விரலை நீட்டினேன், அடித்தேன். டாக்டரம்மா என் விரலைப் பார்த்தாள், தான் எழுதியதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. "இது இருந்தா வேலை பாத்துருவீங்களாம்மா?" என்றாள். "பாத்துருவேங்க" என்றேன். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினாள்.

நான் செய்தது சரியா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நான் ரிட்டயர் ஆகும்போது இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும், அன்றைக்கு நீ எங்கே இருப்பாய் என்ற பயம் எனக்கு இருக்கிறது. ஸ்டெல்லாவின் அப்பா பொறுக்காமல் போய்விட்டால் நீ என்னை மன்னிக்க மாட்டாய் என்ற பயம் அதைவிடப் பெரியது. ஸ்டெல்லா, நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால், உன் அப்பாவிடம் நானே வந்து பேசுகிறேன். உட்கார வைத்துப் பேசுவாரோ நிற்க வைத்துப் பேசுவாரோ, வருகிறேன். ஆனால் அமல், பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று கீரைக்கு நடுவில் என்னைக் கேட்டவன் நீ. அப்படிக் கேட்டவனே கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு மடக்கிக் காட்டு என்றால், நான் யார் பேச்சைக் கேட்பது? நான் முதலில் கேட்டவன் பேச்சைக் கேட்டேன். அவன்தான் என் மகன், இவன் களைத்துப்போனவன்.

ஓசூருக்குப் போ. நான் தடுக்கவில்லை. என்ன தெரியும் என்று அங்கே கேட்டால் டிப்ளமோ சர்டிபிகேட்டை மட்டும் நீட்டாதே, இந்தப் பெட்டியின் போட்டோவையும் காட்டு. வேலை தேடுகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லாதே. கோபத்தோடு போனாலும் பரவாயில்லை, வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே. உனக்கு வாந்தி வரும்.

இன்னொன்று. திங்கட்கிழமை நான் வேலையில் சேர வேண்டும். கூடையில் தூக்கிக்கொண்டு போய் வந்ததில் வலது பெட்டியின் அடியில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது. இவ்வளவும் அடிக்கும்போது அது லேசாக ஆடிக்கொண்டேதான் இருந்தது. நீ விட்டுப்போன திருப்புளியை எடுத்துக் காலையிலிருந்து முயன்று பார்க்கிறேன், மணிக்கட்டு திரும்பவில்லை. லூர்துசாமி அண்ணனைக் கூப்பிட்டால் ஒரு நிமிஷத்தில் முடுக்கித் தந்துவிடுவார், நான் கூப்பிடவில்லை. இந்தத் தடவை நான் நடிக்கவில்லை அமல், நிஜமாகவே என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு முன்னால் வந்து முடுக்கிக் கொடுத்துவிட்டுப் போ.

அம்மா